வெயிலில் நேரடியாக நீராவி: மின்சாரத்தில் தோற்ற நுட்பம் சோமனூர் சைசிங்குக்கு ஆகுமா?

சோமனூரில் தறி மின்சாரத்தில் ஓடுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தறிக்கு வரும் பாவு நூல் அதற்கு முன்பே ஒரு அடுப்பைத் தாண்டித்தான் வருகிறது என்பது தறிக்காரர்களைத் தவிர பலருக்குத் தெரியாது. சைசிங் மில்லில் நூலைக் கஞ்சியில் முக்கி, சூடான உருளைகள் மேல் ஓட்டிக் காயவைத்து, பீமில் சுற்றித்தான் தறிக்கு அனுப்புகிறார்கள். கஞ்சி ஏறாத நூல் தறியின் வேகத்தைத் தாங்காது, அறுந்துகொண்டே இருக்கும். அந்த உருளைகளுக்குள் போவது நீராவி. நீராவி வருவது பாய்லரில் இருந்து. பாய்லரில் எரிவது பெரும்பாலும் விறகு.

கிழக்கே திருப்பூர் பக்கம் போனால் இந்த அடுப்பு இன்னும் பெரிசு. சாயப்பட்டறை, வாஷிங், காலண்டரிங், அயர்னிங் என்று பனியன் தொழிலின் பாதி வேலை நீராவியில்தான் நடக்கிறது.

அப்போ, மேலே இவ்வளவு வெயில் காயுதே, அதிலேயே ஆவி எடுத்தால் என்ன?

எடுக்கலாம். கண்ணாடிகளை வைத்துச் சூரிய ஒளியை ஒரு குழாய் மேல் குவித்து, அந்தக் குழாய்க்குள் ஓடும் தண்ணீரை அங்கேயே கொதிக்கவைப்பதற்கு ‘நேரடி நீராவி உற்பத்தி’ என்று பெயர். இந்தியாவில் இதை நம்பி நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் கொட்டி மின்நிலையமே கட்டியிருக்கிறார்கள். ஆனால் சமீபத்தில் இந்த நுட்பம் செய்தியில் அடிபட்டது நல்ல காரணத்துக்காக இல்லை. இதே முறையில் இயங்கும் அமெரிக்காவின் இவான்பா சூரிய கோபுர மின்நிலையத்தில் இருந்து மின்சாரம் வாங்கும் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம், ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ளப் போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. ‘சூரிய வெப்ப மின்சாரம் செத்துப்போச்சு’ என்று சமூக ஊடகங்களில் அப்போதே காரியம் பண்ணி முடித்துவிட்டார்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரிதான். நீராவியைப் பொறுத்தவரை கதை வேறு.

‘நேரடி’ என்றால் என்ன அர்த்தம்?

வீட்டு மாடியில் இருக்கும் சோலார் பேனல் ஒளியை மின்சாரமாக மாற்றுகிறது. சூரிய வெப்ப மின்நிலையம் அப்படி இல்லை. அது ஒளியை வெப்பமாக்கி, வெப்பத்தால் நீராவி எடுத்து, நீராவியால் டர்பைனைச் சுற்றுகிறது. நெய்வேலி அனல் மின்நிலையத்தில் நிலக்கரிக்குப் பதிலாக வெயிலை வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

இதில் இரண்டு வழி. பெரும்பாலான நிலையங்கள் குழாய்க்குள் தண்ணீர் விடுவதில்லை. ஒரு செயற்கை எண்ணெயையோ, உருகிய உப்பையோ சூடேற்றி, அதைக் கொண்டுபோய் ஒரு வெப்ப மாற்றியில் விட்டு, அங்கேதான் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். எண்ணெய்க்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 400 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் அது சிதையத் தொடங்கும். கசிந்தால் நாற்றம், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. உப்புக்கு எதிர்ப் பிரச்சினை: சுமார் 240 டிகிரிக்குக் கீழே போனால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும்.

நேரடி முறையில் இந்த இடைத்தரகர் கிடையாது. வெயில் படும் குழாய்தான் பாய்லர். எண்ணெய் வாங்க வேண்டாம், வெப்ப மாற்றி வேண்டாம், 500 டிகிரியைத் தாண்டியும் நீராவியைச் சூடேற்றலாம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட எளிமையான இயந்திரம் இல்லை.

யோசனையும் புதிதில்லை. பம்பாயில் பிரிட்டிஷ் அரசு அலுவலராக இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்பவர், சிறு சிறு தட்டைக் கண்ணாடிகளை வரிசையாக அடுக்கி, ஒளியை ஒரு பாய்லர் மேல் திருப்பி, அந்த நீராவியில் பம்ப் ஓட்டிக் காட்டினார். 1878-இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்று சூரிய வெப்பம் என்பதுதான் அவருடைய வாதம். பம்பாய் பஞ்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. 1913-இல் எகிப்தின் மாடி என்ற ஊரில் அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஷூமன், நீளமான தொட்டி வடிவக் கண்ணாடிகளால் நீராவி எடுத்து நைல் நதித் தண்ணீரைப் பருத்தி வயல்களுக்கு இறைத்தார். மறுவருஷம் முதல் உலகப்போர் வந்தது. பின்னாலேயே மலிவான பெட்ரோலியமும் வந்தது. அத்தோடு முடிந்தது.

எளிமையான இயந்திரம் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

தண்ணீர் கொதிக்கும்போது ஒரே குழாயில் இரண்டு பொருள் ஓடுகிறது. கீழே தண்ணீர், மேலே ஆவி. தண்ணீர் தொடும் பக்கம் குழாய் குளிர்ச்சியாக இருக்கும், ஆவி தொடும் பக்கம் சூடு ஏறும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் இரும்புக் குழாய் வளையும். வளைந்தால் கண்ணாடி குவிக்கும் கோட்டில் இருந்து அது விலகிப்போகும். சுற்றியிருக்கும் கண்ணாடிக் குழல் உடையவும் செய்யலாம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஸ்பெயினின் அல்மேரியா ஆய்வு மையத்தில் 1990-களின் கடைசியில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குக் குழாய் அமைத்து வருஷக்கணக்கில் சோதித்தார்கள். ஒரு முனையில் தண்ணீரை விட்டு மறுமுனையில் ஆவியாக எடுப்பது ஒரு முறை. நடுநடுவே தண்ணீரைப் பீச்சுவது இன்னொன்று. பாதி வழியில் ஒரு தொட்டி வைத்து ஆவியைப் பிரித்து, மிச்சத் தண்ணீரைத் திரும்பச் சுற்றுக்கு விடுவது மூன்றாவது. கடைசி முறைதான் நிதானமாக இருந்தது. இதை நம்பித் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் 5 மெகாவாட் நிலையம், ஸ்பெயினின் முர்சியாவில் 30 மெகாவாட் நிலையம் எல்லாம் வந்தன.

குழாய்ச் சிக்கல் தீர்ந்தாலும் மேகச் சிக்கல் தீரவில்லை. வெயிலின் மேல் ஒரு மேகம் வந்தால் ஆவி சட்டென்று குறையும், விலகினால் சட்டென்று ஏறும். எண்ணெயோ உப்போ இருந்தால் அது ஒரு மெத்தை மாதிரி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். நேரடி முறையில் மெத்தை இல்லை. அழுத்தத்தைத் தாங்கத் தடிமனாகச் செய்த குழாயும் டிரம்மும் ஒரு நாளைக்குப் பலமுறை சூடாகி ஆறினால் உலோகம் களைத்துப்போகும்.

மின்சாரத்தில் ஏன் தோற்றது?

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2010-இல் மத்திய அரசு ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய மின்சக்தித் திட்டத்தின் முதல் கட்டத்தில் ஏழு சூரிய வெப்ப மின்நிலையங்களை ஏலம் விட்டது. மொத்தம் 470 மெகாவாட். கேட்ட விலை யூனிட்டுக்கு ₹10.49 முதல் ₹12.24 வரை. அந்த ஏழில் எழுந்து நின்றவை மூன்றுதான். அதில் பெரியது, ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டம் துர்சாரில் ரிலையன்ஸ் பவர் கட்டியது. பிரான்ஸின் அரேவா நிறுவனத்தின் ஃபிரெனல் நுட்பம், 125 மெகாவாட், முழுக்க நேரடி நீராவி. 2014 நவம்பரில் செயல்பாட்டுக்கு வந்தது.

ஃபிரெனல் என்றால் வேறொன்றும் இல்லை. வளைந்த பெரிய கண்ணாடிக்குப் பதிலாக, தரையோடு தரையாக நீளமான தட்டைக் கண்ணாடிப் பட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் சூரியனுக்கு ஏற்பத் திருப்பி, உயரத்தில் அசையாமல் நிற்கும் ஒரே குழாய் மேல் ஒளியை விழவைப்பது. கண்ணாடி மலிவு, காற்று அதிகம் தள்ளாது, குழாயில் அசையும் மூட்டுகள் இல்லை. நேரடி நீராவிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் காலம் பொருத்தமாக இல்லை. துர்சார் செயல்பாட்டுக்கு வந்த அதே 2014-இல், நுட்பத்தைக் கொடுத்த அரேவா இந்தத் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. இன்னொரு பக்கம் பேனல் விலை சரிந்தது. 2017-இல் ராஜஸ்தானின் பட்லா பூங்கா ஏலத்தில் பேனல் மின்சாரம் யூனிட் ₹2.44. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் ₹1.99. பன்னிரண்டு ரூபாய்க்கு விற்பவர் இரண்டு ரூபாய்க்காரரோடு எப்படிப் போட்டி போடுவார்?

இன்னொரு அடியும் விழுந்தது. கண்ணாடியால் குவிக்க முடிவது சூரியனிடம் இருந்து நேர்கோட்டில் வரும் ஒளியை மட்டும்தான். மேகத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறி வரும் ஒளி பேனலுக்கு உதவும், கண்ணாடிக்கு உதவாது. ஏலத்தில் பங்கெடுத்தவர்கள் செயற்கைக்கோள் கணிப்புகளை நம்பி விலை சொன்னார்கள். தரையில் கருவி வைத்து அளந்தபோது, ராஜஸ்தான் தூசியில் நேர் வெயில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது.

அதே ராஜஸ்தானின் பிகானேரில் ஆக்மி நிறுவனம் 2011-இல் கோபுர வகையில் நேரடி நீராவி நிலையம் ஒன்றைத் திறந்தது. 2.5 மெகாவாட்டில் தொடங்கி 10 மெகாவாட்டாக வளர வேண்டியது. வளரவே இல்லை.

இவான்பாவின் அளவு இதையெல்லாம் விழுங்கிவிடும். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மூன்று கோபுரங்கள், ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் கண்ணாடி அமைப்புகள், 392 மெகாவாட், 220 கோடி டாலர் செலவு, அதில் 160 கோடி டாலருக்கு அமெரிக்க அரசின் கடன் உத்தரவாதம். 2014-இல் திறந்தார்கள். காலையில் பாய்லரைச் சூடேற்ற இயற்கை எரிவாயு எரிக்க வேண்டியிருந்தது. வெப்பத்தைச் சேமிக்கும் வசதி இல்லை. சாயங்காலம் ஊரே ஏசி போடும் நேரத்தில் இந்த நிலையத்துக்கு வேலை முடிந்துவிடும்.

ஏன் சேமிக்க முடியவில்லை?

நுட்பத்தின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தண்ணீர் கொதிக்கும்போது எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் வெப்பநிலை ஏறாது. வெப்பம் முழுக்க ஆவியாக மாறுவதிலேயே போகும். 100 பார் அழுத்தத்தில் இது 311 டிகிரியில் நடக்கும். திரும்ப ஆவி தண்ணீராகும்போதும் அதே 311 டிகிரியில்தான் அந்த வெப்பத்தை மொத்தமாக விடும். இப்போது இந்த வெப்பத்தை உருகிய உப்பில் சேமிக்கலாம் என்று பாருங்கள். உப்பை 311-க்கு மேல் இதால் சூடேற்ற முடியாது. 240-க்குக் கீழே உப்பு உறையும். நடுவில் கிடைப்பது எழுபது டிகிரி இடைவெளிதான். உப்பையே நேரடியாகச் சூடேற்றும் நிலையங்களுக்கு 290-இல் இருந்து 565 வரை இடம் இருக்கிறது. அதே அளவு வெப்பத்துக்கு நேரடி நீராவிக்காரர் பல மடங்கு உப்பு வாங்க வேண்டும்.

மாற்று வழி, பிரஷர் குக்கர் மாதிரி ஒரு பெரிய தொட்டி. சூடான தண்ணீரை அழுத்தத்தில் அடைத்து வைத்து, தேவைப்படும்போது அழுத்தத்தைக் குறைத்தால் அது தானாகக் கொதித்து ஆவி விடும். அடுப்பை அணைத்த பிறகும் குக்கர் விசிலைத் தூக்கினால் ஆவி வருகிறதே, அதேதான். ஸ்பெயினின் செவில் அருகே 2007-இல் வந்த பிஎஸ்10 என்ற 11 மெகாவாட் கோபுரத்தில் இதைத்தான் வைத்தார்கள். பாதி உற்பத்தியில் சுமார் 50 நிமிஷம் தாங்கும். மின்வாரியத்துக்கு 50 நிமிஷம் போதாது, ராத்திரி முழுக்க வேண்டும். துபாயிலும் சீனாவிலும் பிறகு வந்த பெரிய நிலையங்கள் உப்புப் பக்கம் போனது இதனால்தான்.

ஆனால் ஒரு தொழிற்சாலைக்கு? மேகம் கடக்கும் பத்து நிமிஷத்தைத் தாண்டினால் போதும் என்கிற இடத்தில் 50 நிமிஷம் பெரிய விஷயம்.

டர்பைனைக் கழற்றிவிட்டால்?

மின்நிலையத்தில் நீராவி ஒரு இடைப்பொருள். டர்பைன் வழியாகப் போகும்போது வெப்பத்தில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். நீராவியே கடைசிப் பொருளாக இருந்தால் அந்த நஷ்டம் இல்லை. 500 டிகிரியும் தேவையில்லை.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திருமலை போனவர்கள் அன்னதானம் சாப்பிட்டிருப்பீர்கள். 2002-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அங்கே 106 கிண்ண வடிவக் கண்ணாடிகளை வைத்து, சமையலுக்கான நீராவியை எடுக்கத் தொடங்கியது. ஷெஃப்லர் வகை என்று பெயர், உருவாக்கியவர் வொல்ஃப்காங் ஷெஃப்லர். குவியும் இடத்தில் தண்ணீர், மேலே நீராவி சேரும் குழாய், அங்கிருந்து சமையலறை. டீசல் பாய்லரோடு சேர்த்து இணைத்திருந்தார்கள். வெயில் இருக்கும்போது வெயில், இல்லாதபோது டீசல். 1990-களின் கடைசியில் அபு ரோட்டில் பிரம்ம குமாரிகள் வளாகத்தில் வந்ததும், 2009-இல் சீரடியில் 73 கிண்ணங்களோடு வந்ததும் இதே வகைதான். இவை எதிலும் டர்பைன் கிடையாது. சாதம் வெந்தால் போதும்.

உலகத்தில் நேரடி சூரிய நீராவியின் மிகப்பெரிய முயற்சிகளில் ஒன்று ஓமனில் நடந்தது. அந்த நீராவி எதற்கு என்று கேட்டால் சிரிப்பு வரும்: பெட்ரோல் எடுக்க. அமல் எண்ணெய் வயலில் கெட்டியான கச்சா எண்ணெயை இளக்க நிலத்துக்குள் நீராவி பீச்ச வேண்டும். அதற்கு கிளாஸ்பாயின்ட் நிறுவனம் கண்ணாடி வீட்டுக்குள் தொட்டி வடிவக் கண்ணாடிகளைத் தொங்கவிட்டு மிராஹ் என்ற நிலையத்தைக் கட்டியது. தூசி வெளியிலேயே நின்றுவிடும் என்பதுதான் கண்ணாடி வீட்டின் காரணம். பஞ்சு பறக்கும் சோமனூருக்கு இந்த யோசனை உபயோகப்படலாம். 1,000 மெகாவாட் வெப்பத்துக்கு மேல் திட்டமிட்டதில் ஒரு பகுதிதான் முடிந்தது. 2020-இல் அந்த நிறுவனமே நொடித்து, பிறகு மீண்டும் எழுந்தது.

கோவைக்கும் இதில் ஒரு பங்கு

இது எங்கோ நடக்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். ஐஐடி பாம்பே, மத்திய அரசின் பணத்தில் குருகிராம் அருகே குவால் பஹாரியில் ஒரு மெகாவாட் சோதனை நிலையம் கட்டியது. அதில் ஒரு பாதி எண்ணெய் ஓடும் தொட்டிக் கண்ணாடிகள், மறுபாதி நேரடியாக நீராவி தரும் ஃபிரெனல் கண்ணாடிகள். இரண்டையும் ஒரே டர்பைனுக்குக் கலந்து விட்டார்கள். அந்த ஃபிரெனல் பாதியைக் கொடுத்தது கோவையின் கேஜி டிசைன் சர்வீசஸ். அதே குழுமத்தின் எம்பீரியல்-கேஜிடிஎஸ் நிறுவனம் ஐஐடி மெட்ராஸோடு சேர்ந்து ராமநாதபுரம் மாவட்டம் நரிப்பையூரில் சூரிய வெப்பத்தால் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் அமைத்தது. ஆக, சோமனூரில் இருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இதைச் செய்த அனுபவம் இருக்கிறது. சைசிங் மில் கூரையில் மட்டும் அது இன்னும் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? கணக்குப் போட்டால் தெரியும்.

ஒரு டன் நீராவிக்கு எவ்வளவு கண்ணாடி?

மணிக்கு ஒரு டன் நீராவி, 7 கிலோ பிரஷர் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரித் தண்ணீர் ஒரு கிலோவை இந்த நீராவியாக்க சுமார் 2,640 கிலோஜூல் வேண்டும். மணிக்கு ஒரு டன் என்றால் சுமார் 730 கிலோவாட் வெப்பம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் நேர் ஒளி 700 வாட் விழுந்து, அதில் பாதியை நீராவியாக்கினால், தேவைப்படும் கண்ணாடி சுமார் 2,100 சதுர மீட்டர். நடுவில் விடும் இடத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். இதையே பேனல் வைத்து மின்சார பாய்லர் ஓட்டிச் செய்தால் இரண்டு மடங்குக்கும் மேல் பேனல் பரப்பு வேண்டும். இடம் என்ற ஒரு விஷயத்தில் கண்ணாடி ஜெயிக்கிறது.

இனி பணம். கீழே உள்ள விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பில்லில் இருக்கும் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு டன் நீராவிக்குச் சுமார் 250 கிலோ விறகு ஆகும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நல்ல வெயில் என்றால் ஒன்றரை டன் விறகு மிச்சம். கிலோ ₹6 என்றால் நாளைக்கு ₹9,000. வருஷத்துக்கு 200 நல்ல நாள் என்றால் ₹18 லட்சம். கண்ணாடி, குழாய், திருப்பும் மோட்டார், கன்ட்ரோல் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ₹20,000 என்று வைத்தால் முதலீடு ₹4.2 கோடி. போட்ட பணம் திரும்பி வர 23 வருஷம். எந்த பேங்க் மேனேஜரும் இந்த ஃபைலைத் திறந்தே பார்க்க மாட்டார்.

இதே பாய்லர் ஃபர்னஸ் ஆயிலில் ஓடினால்? ஒரு டன் நீராவிக்கு 78 கிலோ எண்ணெய். ஆறு மணி நேரத்துக்கு 470 கிலோ. கிலோ ₹50 என்றால் நாளைக்கு ₹23,500, வருஷத்துக்கு ₹47 லட்சம். பணம் ஒன்பது வருஷத்தில் திரும்பும். திருமலையில் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம் இருந்தது இதனால்தான். அங்கே மிச்சமானது டீசல், விறகு இல்லை.

ஆக சோமனூரில் கண்ணாடிக்குப் போட்டி பேனலோ நிலக்கரியோ கிடையாது. சீமைக் கருவேலம்தான். அந்த மரம் விலை குறைவாகக் கிடைக்கும் வரை சைசிங்காரர் கண்ணாடி பக்கம் திரும்ப மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கூலி விசைத்தறிக்காரர்கள் மீட்டருக்குச் சில பைசா உயர்வுக்காக 2025 மார்ச்சில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் தறிகளை நிறுத்திப் போராடிய ஊர் இது. சைசிங் கட்டணத்தில் ஏறும் ஒவ்வொரு பைசாவும் அந்தச் சண்டையில்தான் போய் முடியும்.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் 2023 முதல் கிடைக்கிறது. முன்பு அது 750 யூனிட். மின்சாரத்துக்கு அரசு கை கொடுக்கிறது, அதற்காகப் பேசச் சங்கங்களும் இருக்கின்றன. நீராவிக்கு யாரும் கை கொடுப்பதில்லை. ஒரு காலத்தில் இந்த மாதிரி கண்ணாடி அமைப்புகளுக்கு மத்திய அரசு 30 சதவீதம் வரை மானியம் தந்தது. அதை அதிகம் வாங்கிக்கொண்டவை கோயில், ஆசிரமம், விடுதிச் சமையலறைகள். ஜவுளிக்காரர்கள் ரொம்பக் குறைவு.

ஆடி மாதம் என்ன செய்வது?

200 நாள் என்று மேலே போட்டேன். அதையும் கொஞ்சம் தாராளமாகத்தான் போட்டேன்.

சோமனூர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு வரும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் பிழைப்பதே அந்தக் காற்றில்தான். அதே காற்று மேகத்தையும் கொண்டுவரும். மழை பெரிதாகப் பெய்யாது, ஆனால் வானம் அரைகுறையாக மூடியே இருக்கும். பேனல் வைத்தவருக்கு அந்த நாட்களில் உற்பத்தி குறையும், நிற்காது. கண்ணாடி வைத்தவருக்கு நேர் ஒளி விட்டுவிட்டு வரும், பல நாள் வரவே வராது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஜனவரி முதல் மே வரைதான் கண்ணாடிக்குக் கொண்டாட்டம்.

இன்னொரு உள்ளூர்த் தொல்லை, தண்ணீர். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பும் கடினமும் பாய்லர் ஓட்டுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். விறகு பாய்லரில் படிவு சேர்ந்தால் நிறுத்திச் சுரண்டலாம். நூறு மீட்டர் நீளத்துக்கு உயரத்தில் தொங்கும் குழாயில் படிவு சேர்ந்தால் அந்த இடம் வெளியே தெரியாமல் அதிகச் சூடாகி ஒருநாள் வெடிப்பு விடும். அதனால் நேரடி முறை எடுப்பவர் தண்ணீர் சுத்திகரிப்பில் கஞ்சத்தனம் காட்ட முடியாது. இல்லையென்றால் ஒரு படி இறங்கி வர வேண்டும்: குழாயில் ஒரே சுத்தமான தண்ணீரை அழுத்தத்தில் கொதிக்கவிடாமல் சுற்றவிட்டு, தனித் தொட்டியில் ஆவி எடுப்பது. கொஞ்சம் திறன் குறையும், தலைவலியும் குறையும். சிறிய மில்லுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எப்படியானாலும் பிரஷரில் நீராவி என்று வந்துவிட்டால் அது பாய்லர் சட்டத்துக்குள் வரும், இன்ஸ்பெக்டர் சான்று இல்லாமல் ஓட்ட முடியாது.

அப்போ யாருக்குத்தான் ஆகும்?

நொய்யலைக் கேளுங்கள். சாயக்கழிவு ஆற்றில் கலப்பதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறைக்கு மாறித்தான் பட்டறைகள் திறந்தன. இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அங்கே சாயத் தண்ணீரைச் சவ்வு வழியாக வடிகட்டிய பின் மிஞ்சும் கெட்டியான உப்புக் கரைசலை ஆவியாக்கி உப்பைப் பிரிக்க வேண்டும். அதற்கும் நீராவி. ஆற்றைக் காப்பாற்ற நாம் எரிப்பதும் விறகுதான் என்பதை அதிகம் பேர் யோசிப்பதில்லை.

நேரடி சூரிய நீராவிக்கு இந்தப் பகுதியில் ஒரு இடம் உண்டென்றால் அது இந்த ஆவியாக்கிகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் இருக்கிறது. இவற்றுக்குத் தேவை குறைந்த அழுத்த நீராவி. நூல் உருளையில் சூடு குறைந்தால் பாவு ஈரமாகவே பீமில் ஏறிக் கெட்டுப்போகும், சைசிங்கில் ஒரு நிமிஷம் பிசகினாலும் நஷ்டம். உப்புக் கரைசல் அப்படி இல்லை. மேகம் வந்தால் கொஞ்சம் மெதுவாகக் கொதிக்கும், அவ்வளவுதான். கரைசலைத் தொட்டியில் தேக்கி வைத்து வெயில் நேரத்தில் அதிகம் ஓட்டலாம். வெப்பத்தைச் சேமிக்க முடியாத நுட்பத்துக்கு, வேலையைச் சேமித்து வைக்கக்கூடிய இடம் கிடைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பொது நிலையம் என்பதால் இடமும் முதலீடும் தனி மில்காரர் தலையில் விழாது.

போட்டி இங்கேயும் உண்டு. நீராவியையே அமுக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மின்சார ஆவியாக்கிகள் பல நிலையங்களுக்கு வந்துவிட்டன. அவற்றைக் காற்றாலை மின்சாரத்தில் ஆடி மாதத்திலும் ஓட்டலாம். கண்ணாடி அதோடு மோத வேண்டும். புதிதாகக் கட்டும் இடத்தில் மின்சார முறை முந்தும், ஏற்கெனவே நீராவி ஆவியாக்கியும் பக்கத்தில் காலி இடமும் இருக்கும் நிலையத்தில் கண்ணாடிக்கு வாய்ப்பு இருக்கும் என்பது என் கணிப்பு.

யாராவது முயலப் போகிறார்கள் என்றால், கண்ணாடி விற்பவர் காட்டும் ஆண்டுச் சராசரியை நம்பி இறங்க வேண்டாம். மத்திய அரசின் ஏலத்தில் நிறுவனங்கள் செயற்கைக்கோள் எண்ணை நம்பி இறங்கிய கதை மேலே இருக்கிறது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் காற்றாலைத் தொழில்நுட்ப மையம், இப்போதைய தேசிய காற்று சக்தி நிறுவனம், 2011-இல் நாடு முழுக்க 51 இடங்களில் வெயிலை அளக்கும் நிலையங்களை அமைத்தது. நேர் ஒளியைத் தனியாக அளக்கும் கருவி அவற்றில் இருக்கிறது. கொங்குப் பகுதிக்கு அருகில் உள்ள நிலையத்தின் கணக்கை வாங்கி, மாதவாரியாகப் பிரித்து, முதலில் ஜூலை மாதத்தைப் பாருங்கள். அந்த மாதத்துக்கும் விறகு பாய்லரை வைத்துக்கொண்டே கணக்கு நேர்ப்பட்டால், அதற்குப் பிறகு கொட்டேஷன் கேட்கலாம்.